மானிட்டர் ஓரத்துச் சீட்டு

மதுரையில் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங் மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் வேலை கிடைத்து முதல் நாள் அங்கே சென்றபோது, கருப்புத் திரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, மானிட்டரின் ஓரத்தில் செலோடேப்பால் ஒட்டப்பட்டு மஞ்சளித்துப் போயிருந்த ஒரு சீட்டு என் கண்ணில் பட்டது. அதில் மூன்று வரிகள் எழுதியிருந்தன: ஃப்ரீ சரக்கு என்றால் வரிக் கட்டத்தில் 9 போடவும், பாக்கியுள்ள கடை என்றால் பெயருக்குப் பின் புள்ளி வைக்கவும், சனிக்கிழமை பில்லை இரண்டாம் தடவை அச்சிடக் கூடாது. மென்பொருளை எழுதியவர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய நிரலில் 9 என்ற எண் மட்டும் ஓரிடத்தில் காரணம் சொல்லப்படாமல் நின்றது. மற்ற இரண்டுக்கும் அந்தச் சுவடுகூட இல்லை.

மென்பொருள், தரவுத்தளங்களைக் கையாளும் பழைய நிரல்மொழியான ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்டது. அந்த வரிசையில் கடைசியான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9, 2004-இல் வெளியானது. 2015 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்தக் கடையில் அது குறைசொல்ல முடியாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்தபோது சேர்க்கப்பட்ட ஒரு கட்டம், 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகும் அதே பழைய பெயரோடு புதிய வரியைச் சுமந்தது. அச்சிடும்போது மட்டும் தொகையைப் பாதியாகப் பிரித்து சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) என்று காட்டியது. இந்த ஒட்டுவேலை 2025 செப்டம்பர் 22 அன்றுதான் அறுந்தது. பெரும்பாலான மருந்துகளின் வரி அன்று 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் விற்ற சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால், அந்தத் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டை மூல பில்லின் வரி வீதத்தில்தான் போட வேண்டும். நிரலோ ஒரு பொருளுக்கு என்றைக்கும் ஒரே வீதம்தான் என்று நம்பியிருந்தது.

புதிய திரையை முதலில் நான் வடிவமைத்த விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வெள்ளைப் பின்னணி, தாராளமான இடைவெளி, வண்ணப் பொத்தான்கள் என்று முதலாளிக்குக் காட்டி, அவரும் மகிழ்ந்து தலையாட்டினார். பல ஆண்டுகளாகப் பில் போட்டுவரும் அக்கா உட்கார்ந்து முதல் பொருளை உள்ளிட்டதும், "தம்பி, எண்டர் அடிச்சா பில்லே முடிஞ்சிருது" என்றார். பழைய மென்பொருளில் எண்டர் என்பது அடுத்த கட்டத்துக்குப் போவது. நான் எழுதிய வலைப்பக்கத்தில் அது பில்லை அனுப்பிவிடுவது. அவர் மருந்தின் பெயரில் மூன்றெழுத்து தட்டி, பட்டியல் தோன்றுவதற்கு முன்பே கீழ் அம்புக்குறியை இரண்டு முறை அழுத்தி, பேட்ச் எண்ணைத் தேர்ந்து, அளவைப் போட்டு முடித்திருப்பார். கண் ஆர்டர் தாளைவிட்டு அகலாது. அந்தக் கைக்கு மவுஸைக் கொடுத்தது என் அறியாமை. பில்லிங் பகுதியை மட்டும் முழுவதுமாக விசைப்பலகைக்கு மாற்றி எழுதினேன். மாதம் ஒருமுறை திறக்கப்படும் அறிக்கைப் பக்கங்களைப் பொத்தான்களோடு விட்டுவிட்டேன்.

இதனால் பழைய திரையே நல்லது என்று சொல்ல வரவில்லை. சீட்டில் எழுதி வைத்தால்தான் இயக்க முடியும் என்ற நிலையில் உள்ள திரை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், வங்கி தன் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. ஃபிளெக்ஸ்கியூப் என்ற அந்த மென்பொருளில் அன்றைய பட்டுவாடாவைச் செய்ய, கடன் முழுவதையும் அடைப்பதுபோல உள்ளிட்டு, அசலை மட்டும் வங்கிக்குள்ளேயே உள்ள ஒரு கணக்குக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதற்கு மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், ஒன்றுதான் நிரப்பப்பட்டது. உள்ளிட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என மூன்று பேர் பார்த்தும் தவறு பிடிபடவில்லை. திரை ஓர் எச்சரிக்கையைக் காட்டத்தான் செய்தது. ஆனால் பணம் வங்கிக்கு வெளியே போகும் என்று சொன்ன அது, எவ்வளவு போகும் என்று சொல்லவில்லை. திரும்பி வராத ஏறத்தாழ 50 கோடி டாலருக்காக வழக்கு நடந்து, முதலில் தோற்ற வங்கி 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் வென்றது.

அதைப் படித்திருந்ததால்தான், எங்கள் சீட்டின் முதல் இரண்டு வரிகளையும் திரைக்குள் கொண்டுவருவதில் பிடிவாதமாக இருந்தேன். ஃப்ரீ சரக்குக்குத் தனிக் கட்டம் வந்தது. பாக்கியுள்ள கடையின் பெயரைத் தேர்ந்தவுடன் பாக்கித் தொகையே பக்கத்தில் தெரியும்படி செய்தேன். புள்ளி வைப்பது அந்தத் தொகையை நினைவூட்டத்தான் என்று அக்கா சொன்னார். சனிக்கிழமைக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

தரவை மாற்றும்போது வேறொரு கூத்து நடந்தது. ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. பதிவின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் போகும். நான் எழுதிய சிறு நிரல் அந்தக் குறியைக் கவனிக்காததால், பல ஆண்டுகளுக்கு முன் மூடிய கடைகளெல்லாம் வாடிக்கையாளர் பட்டியலில் உயிர்த்தெழுந்தன. அவற்றில் ஒன்றின் பெயரைப் பார்த்து முதலாளி சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

ஒரே இரவில் மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. பனைமரத்தைச் சுற்றி வளரும் ஆலமரத்தை நம் ஊர்ப்பக்கம் எல்லாரும் பார்த்திருப்போம். முதலில் கிரெடிட் நோட்டு, பிறகு கொள்முதல், கடைசியாகப் பில்லிங் என்று பழையதைச் சுற்றிப் புதியது அப்படித்தான் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஓடிய வாரங்களில் தினமும் மாலை மொத்தத்தை ஒப்பிட்டோம். சில பைசா தினமும் இடித்தது. பழையது பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் பைசாவை முழுமையாக்கியது, புதியது பில்லின் அடியில் ஒருமுறை முழுமையாக்கியது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

போன வாரம் அங்கே சென்றிருந்தேன். பழைய சீட்டு இல்லை. புதிய மானிட்டரின் அதே ஓரத்தில், அக்காவின் கையெழுத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தது: "எஃப்8 இரண்டு தடவை அழுத்தவும்." காரணம் கேட்டேன், முதல் தடவை சில நேரம் எடுக்காது என்றார். அடுத்துச் செய்ய வேண்டிய வேலையாக அதைக் குறித்துக்கொண்டு வந்தேன்.