விரலில் 100 காட்டினாலும் ஃப்ளாப்பைப் பாருங்கள்

மார்பகம் எடுத்தவர்களுக்கு அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் பொருத்துவதுதான் டீப் ஃப்ளாப் அறுவை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள தமனி ஒன்றும் சிரை ஒன்றும்தான் ஃப்ளாப் எனப்படும் அந்தத் திசுவுக்கு உயிர். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அங்கே நடப்பது தெரியாது.

மயக்க இயந்திரத்தில் ஆக்சிஜனை 40% வைத்தாலும் 80% வைத்தாலும் நுரையீரல் நன்றாக இருந்தால் விரலில் 99, 100 என்றுதான் வரும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் 80% கொடுக்கப் பரிந்துரைத்தது. 2018இல் அந்தப் பரிந்துரையின் வலுவைக் குறைத்துவிட்டது. நீண்ட நேரம் மிகையாகக் கொடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, வார்டில் ஆக்சிஜன் அளவு இறங்கலாம். ஃப்ளாப்புக்கு அதைவிட முக்கியம் ரத்த ஓட்டம்: உடல் குளிரக்கூடாது, அழுத்தம் இறங்கக்கூடாது, அதற்காக சலைனை அள்ளிக் கொட்டவும் கூடாது, திசு வீங்கும்.

நெறிகட்டியைக் கண்டுபிடிக்க நீலச்சாயம் போட்ட சில நிமிடங்களில் எண் திடீரென இறங்குவதுண்டு. பெரும்பாலும் சாயம் கருவியை ஏமாற்றுவதுதான். ஆனாலும் ரத்த அழுத்தம், தோலில் தடிப்பு, மூச்சுக்குழாய் இறுக்கம் மூன்றையும் பார்த்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தமனி ரத்தத்தைச் சோதிக்க அனுப்புவோம். புகை பிடிப்பவரிடம் நேர்மாறு: கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் கருவி நல்ல ரத்தமாகவே எண்ணும். புகைப்பதை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறோம்.

அறுவைக்குப் பின் முதல் 24 மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும் ஃப்ளாப்பின் நிறம், சூடு, வீக்கம், டாப்ளர் கருவியில் கேட்கும் ரத்த ஓட்ட ஒலி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். வெளிறி, குளிர்ந்து, மெதுவாகத் திரும்பினால் தமனியில் அடைப்பு. ஊதா நிறம், விறைத்த வீக்கம், நொடியில் திரும்பும் நிறம் என்றால் சிரையில் அடைப்பு. அடைப்பு அதிகம் வருவது இதில்தான். நம்மவர்களின் மாநிறத்தில் ஊதா எளிதில் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஊசியால் குத்திப் பார்ப்பார்: கருஞ்சிவப்பு ரத்தம் உடனே பெருகினால் சிரை அடைப்பு, எதுவுமே வராவிட்டால் தமனி.

அப்போது மாஸ்க்கில் ஆக்சிஜனைக் கூட்டிவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மார்புக்கட்டைத் தளர்த்துங்கள், அந்த நிமிடமே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் திரும்ப அரங்குக்குக் கொண்டுபோனால்தான் ஃப்ளாப்பைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.