பெருமாநல்லூர் நிட்டிங் கணக்கும் என் போர்ட்ஃபோலியோவும்

2023 பிப்ரவரி. மூன்றரை வருடம் கழித்து முதல் இன்டர்வியூ. மாடி ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், பையன் கீழே அத்தையிடம் இருந்தான். இன்டர்வியூ எடுத்தவர் ஸ்கிரீனை ஷேர் செய்து, என் ரெஸ்யூமில் போர்ட்ஃபோலியோ என்று, அதாவது நான் செய்த வேலைக்கு மாதிரியாக, கொடுத்திருந்த லிங்க்கை என் கண் முன்னாலேயே அழுத்தினார். வெள்ளைப் பக்கம் வந்தது. இந்த முகவரியில் எந்த ஆப்பும் இல்லை என்று நடுவில் ஒரு வரி. நான் ஆப்பை ஏற்றி வைத்திருந்த இடத்தில் இலவசத் திட்டத்தையே நிறுத்திவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி மெயில் அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளையும் வீடுமாக இருந்ததில் நான் அந்த மெயிலைத் திறக்கவேயில்லை.

"வேற ஏதாச்சும் காட்டறதுக்கு இருக்குங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர், தன்மையாகத்தான் கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை.

நான் வேலை தெரியாதவள் இல்லை. 2013இல் எம்சிஏ முடித்து, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். வெப் ஆப் எழுதும் வேலை. முதலில் பிஎச்பி, பிறகு லாராவெல், கடைசி இரண்டு வருடம் முன்பக்கத்துக்கு ரியாக்ட். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அப்பாயின்ட்மென்ட் போடும் ஆப். அதில் நேரம் ஒதுக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் பதிவு செய்துவிடாமல் டேட்டாபேஸில் பூட்டுப் போடுவதற்காக மூன்று வாரம் தூங்காமல் உழைத்தேன். ஆனால் அந்த புரோகிராம் கோடு கம்பெனியுடையது. பார்க்க வேண்டும் என்றால் லாகின் வேண்டும், வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். 2019இல் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எழுதிய கோடை இணையத்தில் வைத்துக் காட்டும் கிட்ஹப் தளத்தில், என் கணக்கில் இருந்தது காலேஜ் அசைன்மென்ட் ஒன்று மட்டும்தான்.

பீளமேடு டைடல் பார்க்கிலும், கீரணத்தத்திலும், 2024 நவம்பரில் விளாங்குறிச்சியில் திறந்த எல்காட் ஐடி கட்டடத்திலும் வேலை பார்க்கிற எத்தனையோ பேருக்கு இதே நிலைமைதான். தினமும் நூறு வரி எழுதுகிறவர்களுக்கு வெளியில் காட்ட ஒரு வரி இருக்காது. வேலையில் இருக்கிற வரை அது உறைக்காது. குழந்தை பிறக்கும்போது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்கு வரும்போது, ப்ராஜெக்ட் முடிந்து டீமைக் கலைக்கும்போதுதான் தெரிகிறது.

சரி, தலைப்பில் சொன்ன நிட்டிங் கணக்குக்கு வருகிறேன்.

என் மாமனாருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கத்தில் ஐந்து மெஷின் போட்ட சின்ன நிட்டிங் யூனிட். ஜாப் ஒர்க்தான். வேலை கொடுக்கும் பார்ட்டி நூல் அனுப்புவார், இவர் துணியாக ஓட்டிக் கொடுப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் மூட்டையாக வரும், துணி ரோலாகப் போகும். ஒவ்வொரு ரோலையும் தராசில் வைத்து, மார்க்கரால் ஓரத்தில் எடையை எழுதி, சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி சலானில் ஏற்ற வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி சலான் மூன்று பிரதி. வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. கார்பன் வைத்து எழுதியதில் மூன்றாவது பிரதி பாதி தெரியாது. சனிக்கிழமை சம்பளத்தைப் போட்டு முடித்துவிட்டு, ராத்திரி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அந்த மூன்றாவது பிரதியோடு மாமா மல்லுக்கட்டுவதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன்.

அந்த இன்டர்வியூ முடிந்த வாரமே இந்தக் கணக்கை ஆப்பாக எழுத ஆரம்பித்தேன். நூல் வரவு, துணி பற்று, மிச்சம். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பார்ட்டி, நூல் வரவு, சலான், ரோல் என்று டேட்டாபேஸில் நான்கு டேபிள், அதாவது நான்கு பட்டியல். போனில் திறந்து எடையைத் தட்டினால் ஏறிவிடும். பழைய சலான் ஒரு மாதத்தையும் ஏற்றிக் காட்டினேன்.

மாமா ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனம்மிணி, இந்தப் பார்ட்டிக்கு நூல் பாக்கி 38 கிலோன்னு காட்டுது. குடோன்ல ஒரு கோன்கூட இல்லியே?"

"2,400 கிலோ வந்துச்சுங் மாமா. துணியா 2,362 தான் போயிருக்குது. மிச்சம் எங்கீங் போச்சு?"

"கழிவு போயிருச்சு. கோன் அடியில நிக்கறது, பஞ்சாப் பறக்கறது, ஊசி ஒடஞ்சு ஓட்டை உழுந்தா வெட்டி எடுக்கறது. அதெல்லாம் எங்க வரும்?"

மெஷின் ஓடும் ஷெட்டுக்குள் நின்று பாருங்கள், அரை மணியில் கண் இமையில் பஞ்சு படிந்துவிடும். அதுவும் யாரோ ஒரு பார்ட்டி காசு கொடுத்து வாங்கிய நூல்தான். என் டேபிளில் அதற்கு இடமே இல்லை.

ஒவ்வொரு பார்ட்டியும் இவ்வளவு சதவீதம் கழிவு என்று முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்ட்டிக்கு ஒன்றரை. 2,400க்கு 36 கிலோ. போனது 38. அந்த இரண்டு கிலோவுக்கு நூல் விலை போட்டு மாமா கூலியில் டெபிட் அடிப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி அவர் தேடிக்கொண்டிருந்ததே அந்த இரண்டு கிலோவைத்தான். அவ்வளவு வருடம் அதே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

பார்ட்டி டேபிளில் கழிவு சதவீதம் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். தீபாவளி முடிந்து ஒரு பார்ட்டி ஒன்றரையை ஒன்றாகக் குறைத்தார். நான் எண்ணை மாற்றியதும், முடித்து பில் போட்ட பழைய கணக்குகள் அத்தனையும் தலைகீழாகிவிட்டன. நியாயம்தானே, எல்லாம் அந்த ஒரே எண்ணைத்தானே பார்க்கின்றன! சலான் போட்ட அன்றைக்கு என்ன பேச்சோ அது அந்தச் சலானோடேயே உட்கார வேண்டும். பார்ட்டி டேபிளில் இருப்பது இனி வரப்போகும் சலானுக்கு மட்டும். ஆறு வருடம் வேலை பார்த்து நூறு டேபிள் போட்டவள் நான். இது எனக்கு உறைத்தது மாமாவின் சலானில்தான்.

இன்னொன்று. ரோல் எடைகளைக் கூட்டினால் சில நாள் புள்ளிக்குப் பின்னால் 9 வரிசையாக வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், தெரிந்த விஷயம்தான். ஆனால் மாமா அதைப் பார்த்ததும், "எந்திரமே தப்பாக் கூட்டுது, இத எப்படி அம்மிணி நம்பறது?" என்று நோட்டை மறுபடி எடுத்துவிட்டார். அன்று ராத்திரியே எல்லா எடையையும் கிராமாக, முழு எண்ணாக மாற்றினேன். காட்டும்போது மட்டும் ஆயிரத்தால் வகுத்துக் கிலோவாகக் காட்டுவது. அவர் நோட்டை மூட இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இதை வெளியே காட்டலாமா என்று கேட்டபோது மாமா யோசித்தார். "ரேட்டு மட்டும் வெளிய தெரிஞ்சிரக்கூடாது" என்றார். கிலோவுக்கு யாருக்கு எவ்வளவு கூலி என்பது இந்த ஊரில் பக்கத்து யூனிட்டுக்குக்கூடச் சொல்லாத விஷயம். அதனால் போலிப் பார்ட்டிகள், போலி எடைகளை உருவாக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அந்த டேட்டாவோடு தனியாக ஒரு பிரதி வைத்தேன். முகப்பில் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன்: என்ன பிரச்சினை, முதலில் எங்கே தப்பு செய்தேன், எப்படித் திருத்தினேன். யாரும் பதினைந்து நிமிடம் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும் இலவசத் திட்டங்கள் உண்டு, எழுந்து வர ஒரு நிமிடம்கூட ஆகும். இன்டர்வியூ எடுக்கிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். மாதாமாதம் கொஞ்சம் காசு கட்டி வைத்தேன்.

அடுத்த இன்டர்வியூ 2024 ஜனவரியில். கோயம்புத்தூரில் இருபது பேர் இருக்கும் ஒரு கம்பெனி. கழிவு சதவீதம் ஏன் சலானில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நாற்பது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். நாலரை வருட இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. வேலை கிடைத்தது. 2019இல் வாங்கியதைவிட மாதம் 8,000 குறைவு. தெரிந்தேதான் சேர்ந்தேன்.

இப்போது புதிதாக வருகிறவர்களை நானும் இன்டர்வியூ எடுக்கிறேன். போன ஜூனில் ஒரே வாரத்தில் 14 ரெஸ்யூம் பார்த்தேன். அதில் ஒன்பதில் அதே ஷாப்பிங் ஆப், அதே ஷூ படம், பட்டன் நிறம்கூட மாறவில்லை. பயிற்சி கொடுக்கும் இடங்களில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பேட்ச் முழுக்க ஒரே ப்ராஜெக்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்த வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது, பிள்ளைகள் மேல் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த ஷாப்பிங் ஆப்பை யார் கேட்டாலும் அது சில நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதைப் பார்த்து ஒருவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாராபுரம் பக்கமிருந்து வந்த ஒரு பையன். கிட்ஹப்பில் அவன் கோடை வைத்திருந்த ரெபாசிட்டரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பு அப்படியே பொதுவில் கிடந்தது. சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "இப்பவே அழிச்சர்றேங்க்கா" என்றான். அழித்தாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் கிட்டின் பழைய வரலாற்றில் அது இருக்கும் கண்ணு, முதலில் பாஸ்வேர்டை மாற்று என்றேன். பிறகு வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். அப்பா பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறாராம். காலையிலும் சாயங்காலமும் லிட்டரும் கொழுப்பும் குறித்து, பத்து நாளைக்கு ஒருமுறை பணம் போடுவார்களாம். கொழுப்பைப் பொறுத்து விலை எப்படி மாறும் என்று அவன் விளக்கியபோது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அன்று அவனை எடுக்க முடியவில்லை. அந்தக் கணக்கை ஆப்பாகப் போட்டு, அப்பாவை ஒரு மாதம் பயன்படுத்த வைத்துவிட்டு, அவர் எதற்கெல்லாம் திட்டினார் என்று எழுதி எனக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அனுப்புவான் என்று நம்புகிறேன்.

கம்பெனி கோடைத் தூக்கிக்கொண்டு வந்து கிட்ஹப்பில் போடாதீர்கள். செய்த வேலையை, பெயர் எதுவும் சொல்லாமல், பிரச்சினையாக எழுதலாம். ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவு விழாமல் தடுத்த கதையை நான் இப்போது அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், என் சொந்த கோடில் ஒரு சின்ன மாதிரியோடு. வேலையில் இருக்கும்போதே மாதம் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எனக்கு அப்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

மாமா இந்த வாரம் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார். ஒரு ரோலுக்குள் இரண்டு லாட் நூல், அதாவது வேறு வேறு தொகுப்பு நூல், கலந்துவிட்டால் சாயம் போட்ட பிறகு துணியில் கோடு கோடாக விழுகிறது. யார் தப்பு என்று சண்டை வருகிறது. "ரோலுக்கு ரோல் லாட் நம்பர் ஏறோணும் அம்மிணி, எந்த மெஷின்ல ஓடுச்சுன்னும் வேணும்." ரோல் டேபிளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்ததும் இரண்டு பேரும் உட்காருகிறோம்.