உறுமல் போனது, கூடவே மத்தளமும் போனது
மடிக்கணினியைச் சார்ஜரோடு செருகினாலே உறுமிக்கொண்டிருந்த என் பழைய பவர்ட் ஸ்பீக்கர் (உள்ளேயே அம்ப்ளிஃபயர் கொண்டது) சோடி, பாட்டு ஓடாதபோது இப்போது ஒலியளவை முழுதாகத் திருகினாலும் மெல்லிய சீறலைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அதுவும் மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போதே! கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

நோய் என்னவென்பதில் சந்தேகமே இருக்கவில்லை. உள்ளீட்டு வயரைக் கழற்றினால் அமைதி. ஆகவே பவர் சப்ளையின் பெரிய மின்தேக்கிகள் நலம். அவை வற்றியிருந்தால் வயர் இல்லாமலே 100 ஹெர்ட்ஸில் உறுமும். கைபேசியைச் செருகினாலும் அமைதி. சார்ஜரோடு மடிக்கணினியைச் செருகினால் மட்டும் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கிளம்பும். ஸ்பீக்கருக்கும் சார்ஜருக்கும் மூன்று பின் பிளக் என்றால் கிரவுண்ட் லூப்தான்: இரண்டு எர்த் வயர்களும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் மின்னோட்டம் உறுமலாகக் கேட்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டபோது குறைந்தது, ஒழியவில்லை.

எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் வைத்தியர்கள் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். உறுமல் நிற்கும்தான். ஆனால் முப்பது வருடம் கடந்த ட்ரான்ஸ்போமரின் காப்பு ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் 230 வோல்ட் ஸ்பீக்கரின் உலோகச் சட்டத்திலும், ஆடியோ வயரின் வெளிக் கம்பி வலை வழியாக மடிக்கணினியிலும் வந்து நிற்கலாம். எர்த் இருந்தால் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழக்கூடும். இந்த யோசனையை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

சரியான வழி, ஒவ்வொரு சனலுக்கும் ஒரு 1:1 ஆடியோ ட்ரான்ஸ்போமர். அது ஒலியைக் காந்தப்புலத்தால் மட்டும் கடத்தி, இரு பக்கத்துக் கிரவுண்டையும் பிரித்துவிடும். முதலில் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து அப்படிப்பட்ட ட்ரான்ஸ்போமர்கள் உள்ள ஒரு மலிவான ஐசொலேட்டர் பெட்டி வரவழைத்தேன். செருகுமுன் மீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே வரும் பக்கத்து கிரவுண்டும் வெளியே போகும் பக்கத்து கிரவுண்டும் பீப் என்கின்றன. உலோகப் பெட்டியே இரண்டையும் இணைத்திருக்கிறது! பிரிப்பதற்கென்று விற்கும் பொருளில் இந்த வேலை. ஒரு பக்கச் சொக்கெட்டுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் வளையம் போட்டு மாட்டியதும் உறுமல் நின்றது.

கூடவே மத்தளமும் நின்றது. கசெட்டிலிருந்து மாற்றிய வடமோடிக் கூத்துப் (மத்தளத்தோடு ஆடும் நாட்டுக்கூத்து) பதிவுகள்தான் என் பரிசோதனைப் பாட்டு. மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று வந்தது. இடப்பக்கமான இடந்தலையின் கும்மென்ற அடி தகரத்தில் தட்டியது போலாகிவிட்டது. உள்ளே இருந்தவை சுண்டுவிரல் நுனியளவு ட்ரான்ஸ்போமர்கள். அவ்வளவு சிறிய இரும்பால் தாழ்ந்த அதிர்வெண்களைத் தாங்க முடியாது. பழைய மோடத்தில் கழற்றுவதும் அதே கதைதான். அவை தொலைபேசிக் குரலின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் செய்தவை.

திருமண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு அண்ணன் கல்முனையில் இருக்கிறார். அவருடைய செத்துப்போன மிக்சரிலிருந்து 600:600 ஓம் ட்ரான்ஸ்போமர் சோடி ஒன்று கிடைத்தது, ஒவ்வொன்றும் தீப்பெட்டியளவு. காசு வாங்க மறுத்துவிட்டார், பதிலுக்கு ஒரு மைக் வயர் பற்றவைத்துக் கொடுத்தேன். இடந்தலை திரும்பி வந்தது. ஆனால் உறுமலும் மெல்லத் திரும்பி வந்தது.

என்னைப் படுத்தியது இந்தக் கட்டம்தான். இது லூப் அல்ல. மடிக்கணினிப் பக்க வயரைக் கழற்றியும் உறுமியது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் பெரிய ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலத்தை, அதன் முதுகோடு ஒட்டி வைத்திருந்த என் சிறிய ட்ரான்ஸ்போமர் பிடித்துக்கொள்கிறது. கையில் எடுத்துத் திருப்பினால் ஒலி ஏறி இறங்குகிறது. ஒரு கோணத்தில் திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் கோணத்தைத் தாண்டினால் மறுபடியும் ஏறுகிறது. ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுத் தேடினேன். இடதுக்குக் கிடைத்த கோணம் வலதுக்குச் சரிவரவில்லை. கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுப்பலகையில் ஒட்டிவிட்டேன். பார்க்க அவலட்சணம், கேட்க சுகம்.

கல்லடிக் கடற்காற்றில் ஆடியோ வயர் செருகும் ஆர்.சி.ஏ. சொக்கெட்டுகள் பச்சை பிடித்துவிடும். வெளி வளையம் சரியாகத் தொடாவிட்டால் அதுவே தனியாக ஓர் உறுமல் என்பதால், ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும் எப்போதும் பக்கத்தில்.

கசெட் டெக்கையும் இதன் வழியே கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஹெட்போன் வெளியீட்டுக்கு 600 ஓம் பரவாயில்லை. டெக்கின் லைன் வெளியீட்டுக்கு அது பாரம், 10 கிலோ ஓம் சோடி வேண்டும். காந்தப்புலத்தை உள்ளே விடாத மியூ-மெட்டல் என்ற உலோகக் கவசத்தோடு கிடைத்தால் கோணம் தேடும் வேலையும் குறையும். கல்முனை அண்ணனிடம் இன்னொரு செத்த மிக்சர் இருக்கிறதாம், இன்னும் திறக்கவில்லை. ஒட்டுப்பலகையைப் பெட்டிக்குள் போடுவது அதற்குப் பிறகு.