வைக்கோல் ஈரத்தை எடைபோடும் நண்பரின் நோட்டு

இந்த முறை போட்ட சிப்பிக் காளான் பெட் (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) ஒன்றில்கூடப் பச்சைப் பூசணம் இல்லை. ஐப்பசி மழையில் இது லேசுப்பட்ட காரியமில்லை. பெருமையெல்லாம் காளான் வளர்க்கும் நண்பர் ஒருவர் கைப்பட எழுதி வைத்திருக்கும் நோட்டுக்குத்தான். ஃபுளோரிடா என்ற சிப்பிக் காளான் வகையைப் போடுகிறவர்கள் அதை இரவல் வாங்கியாவது படிக்க வேண்டும், குறிப்பாக வைக்கோல் ஈரம் பற்றிய பக்கங்களை.

ஒரு பிடி வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும் என்றுதான் எங்கும் சொல்லித் தருகிறார்கள். நண்பருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. ஆளுக்கு ஆள் பிடியின் பலம் வேறு. அதோடு, குவியலின் மேல்பக்கம் காய்ந்திருக்கும்போது அடிப்பக்கம் சொதசொதவென்று கிடக்கும். அவர் நம்புவது தராசை. ஊறவைக்கும் முன்பே காய்ந்த வைக்கோல் சரியாக 1 கிலோ நிறுத்து, வெங்காய வலைப்பையில் கட்டி, மற்றதோடு சேர்த்தே ஊறப்போட்டு வேகவைக்க வேண்டும். வடித்த பிறகு அந்த ஒரு கிலோவையும் மற்றதைப் போலவே அதே கனத்தில் தார்ப்பாயில் பரப்ப வேண்டும். எடை பார்க்கும்போது மட்டும் பையில் அள்ளித் தொங்கு தராசில் மாட்டினால் போதும். பையிலேயே விட்டுவைத்தால் அது தனியாக மெதுவாகக் காயும், கணக்கு தப்பிவிடும்.

கணக்கு இதுதான். காய்ந்த வைக்கோலிலும் ஏறக்குறைய 10 சதவீதம் ஈரம் உண்டு, ஆகவே ஈரமற்ற வைக்கோல் 900 கிராம். நமக்கு வேண்டியது 65 சதவீத ஈரம். அந்த 900 கிராம் மொத்த எடையில் 35 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் தராசு 2.57 கிலோ காட்ட வேண்டும். வெந்நீரில் கொஞ்சம் கரைந்துபோகும் என்பதால் 2.5 வந்ததும் அள்ளிவிடச் சொல்கிறார். பொறுமையில்லாமல் 3 கிலோவிலேயே பெட் போட்டால் ஈரம் 70 சதவீதம். ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் கிலோவுக்கு 430 மில்லி தண்ணீர் கூடுதல். அது அடியில் இறங்கித் தேங்கும், காற்று புகாது, புளித்த வாடை வரும், வைக்கோலில் படரும் காளானின் வெள்ளை இழை அங்கேயே நின்றுவிடும். ரொம்பக் காய்ந்தாலும் ஆகாது. இழை மெலிந்து படரும், மொட்டு பாதியில் கருகும்.

வேகவைப்பதில் அவர் கறார்: 80 டிகிரி, ஒரு மணி நேரம். வைக்கோல் மிதக்கும் என்பதால் மேலே தட்டு வைத்துக் கல்லேற்ற வேண்டும். வெப்பமானியைத் தண்ணீரில் விடாமல் வைக்கோலுக்கு நடுவில் செருக வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி 7.5 கிராம், ஃபார்மலின் என்ற கிருமிநாசினி 125 மில்லி கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. விறகு மிச்சம்தான். ஆனால் வீட்டுச் சமையலுக்குப் போகிற காளானுக்கு ஃபார்மலின் எதற்கு? அந்த நெடி ஒன்றே போதும், கிட்டே நிற்க முடியாது.

நோட்டில் எல்லாமே வேதவாக்கு இல்லை. 60-க்கு 30 சென்டிமீட்டர் பைக்கு எட்டு ஓட்டை போதும் என்கிறார். மழைக்காலத்தில் பன்னிரண்டுக்கும் கீழே குறைத்தால் நடுவில் சூடு கட்டுகிறது. விதை (தானியத்தில் வளர்த்த காளான் இழை) விஷயத்தில் அவர் சொல்வது சரி: புட்டியில் மஞ்சள் நீர் கசிந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை கிடைக்கும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வைக்கோல் கை அறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். மெஷின் அறுத்தது நசுங்கிக் கிடக்கும், தண்ணீரை அளவுக்கு மேல் குடிக்கும், தராசில் 2.5-க்கு இறங்கவே நேரம் பிடிக்கும்.

பெட் இப்போது முக்கால்வாசி வெளுத்திருக்கிறது, மொட்டு இனிமேல்தான். அதற்குள் பால் காளான் ஆசை வந்துவிட்டது. சித்திரை வெயிலுக்கு அதுதான் தாங்கும், 30 டிகிரிக்கு மேலும் வரும். பெட்டைப் பாதியாக வெட்டி, மேலே அவித்த மண்ணை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் போட வேண்டும். அந்த மண்ணின் ஈரத்துக்கும் நண்பர் ஏதோ தராசுக் கணக்கு வைத்திருக்கிறாராம். இரண்டாவது நோட்டு இன்னும் கைக்கு வரவில்லை.