புயலில் ரத்தான விமானமும் பாதியாக வந்த ரீஃபண்டும்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ஓடுதளத்தில் தண்ணீர் ஏறி, சென்னை விமான நிலையத்தையே மறுநாள் காலை 9 மணி வரை மூடிவிட்டார்கள். எங்கள் டெல்லி விமானமும் ரத்து. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

வேளச்சேரியில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கோவையிலிருந்த தம்பி செய்தியைப் பார்த்துவிட்டு, டிக்கெட் போட்ட ஆப்பில் மதியம் இரண்டு மணிக்கு அவனே கேன்சல் கொடுத்துவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான், ஆனால் பயணியே ரத்து செய்ததாகப் பதிவாகி, மூன்று பேருக்குக் கட்டிய 19,440 ரூபாயில் 7,110 மட்டும் வந்தது. தயவுசெய்து அந்தப் பட்டனை நீங்களாகத் தொடாதீர்கள். நிறுவனம் ரத்து செய்யும்வரை பொறுங்கள்.

விமான நிறுவனத்தைக் கேட்டால் ஆப்பிடம் கேளுங்கள் என்றார்கள், ஆப்பில் கேட்டால் நிறுவனம் இன்னும் அனுமதி தரவில்லை என்றார்கள். இதற்கு நடுவே தலைக்குப் பத்தாயிரம் நஷ்டஈடு கேட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். விமானச் சேவைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கிடையாது. மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம், இரண்டில் ஒன்றுதான். அதையே விடாமல் கேளுங்கள். பணத்தை அடுத்த பயணத்துக்குக் கிரெடிட்டாக வைத்துக்கொள்ளச் சொன்னால், அது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்புதான், அப்போதைய விதிப்படி 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரியைச் சொன்ன பிறகுதான் போனில் குரலே மாறியது.

என்னைக் காப்பாற்றியது ஒரு எஸ்எம்எஸ். ரத்துச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது 5-ஆம் தேதி சாயங்காலம், ஆனால் அதன் விவரத்தைத் திறந்தால் அனுப்பிய நேரம் 4-ஆம் தேதி காலை 11:26 என்று இருந்தது. தம்பி கேன்சல் கொடுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள்! அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டேன். முதல் புகாரை 'பயணி ரத்து செய்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி எழுதினேன். ஒன்பதாவது நாள் 11,280 ரூபாய் கார்டில் ஏறியது.

ஆப்காரர்கள் எடுத்த வசதிக் கட்டணம் 1,050 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.