ஈயச்செம்பு தேடிக் காரைக்குடிக்கு

எங்கள் வீட்டு ஈயச்செம்பை, ரசம் வைக்கிற வெள்ளீயப் பாத்திரத்தை, உருக்கியது நான்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. தண்ணீர் ஊற்றாமல் வெறும் செம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் மூழ்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். அது அம்மாச்சி கொடுத்த செம்பு. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பிறகு எப்போது ரசம் வைத்தாலும், "என்ன இருந்தாலும் ஈயச்செம்பு ருசி வராது" என்று கரண்டியிடம் சொல்வாள். இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறாள்.

போன மாதம் மதுரைக்குப் போனபோது, "காரைக்குடிக்குப் போய் பழைய சாமான் கடையில பாப்பமா?" என்று கேட்டேன். "பலகாரமும் வாங்கலாம்ல?" என்றாள். சர்க்கரை இருக்கிறது அவளுக்கு. ரத்தத்தில்.

மாட்டுத்தாவணியில் ஏழு மணி பஸ். மேலூர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்) வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இறங்கியதும் கொப்புடையம்மனுக்கு ஒரு கும்பிடு. பிறகு நேராகப் பலகார வீடு. கடை என்று சொல்ல முடியாது; முகப்பில் ஒரு மேசை, அதன் மேல் எவர்சில்வர் டப்பாக்கள், உள்ளே வளவில் எண்ணெய் காயும் வாசனை. கந்தரப்பம் அப்போதுதான் இறங்கியிருந்தது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து வெல்லமும் தேங்காயும் போட்டுச் சுடுவது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. அதிரசம் மாதிரி பாகுப் பதம் பார்த்து, மாவைப் புளிக்கவைத்துக் காத்திருக்கிற வேலையெல்லாம் இல்லை. ஆனால் மாவில் தண்ணீர் ஒரு கை கூடிவிட்டால் எண்ணெய் குடிக்கும் என்று சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி சொன்னார்.

அம்மா இரண்டு சாப்பிட்டாள். "காலையில மாத்திரை போட்டாச்சு" என்று நான் கேட்காமலேயே சொன்னாள். கால் கிலோ மனகோலம் வாங்கினோம். மாவைத் தேன்குழல் மாதிரி பிழிந்து, ஒடித்து, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல்லோடு வெல்லப்பாகில் புரட்டியது. உளுந்து மாவில் கிண்டுகிற கும்மாயம் கேட்டால், இன்றைக்குப் போடவில்லை என்றார்கள். அதற்கு அம்மா விட்ட பெருமூச்சைப் பார்த்தால், பயணமே கும்மாயத்துக்காகத்தானோ என்று தோன்றியது.

பழம்பொருள் கடைகள் முனீஸ்வரன் கோயில் தெருவில். ஒரு கடைக்குள் நுழைந்தால் வீடு ஒன்றைக் குப்புறக் கவிழ்த்துக் கொட்டியது போல இருக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், கதவு நிலை, சம்கி ஒட்டிய ரவிவர்மா லட்சுமி, அரக்குப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, யாரோ ஒரு குடும்பம் ரங்கூனில் எடுத்துக்கொண்ட போட்டோ. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே கடை போட்டிருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதற்கு முன்பே கப்பலில் வந்து சேர்ந்த சாமான்கள்தான் பெரிய வீடுகளில் தங்கின. அந்த வீடுகளும் பங்கு பிரிந்து, பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போனபிறகு அந்தச் சாமான்கள் இங்கே வந்து விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கின்றன.

அம்மாவுக்குத் தூண், கதவெல்லாம் கண்ணிலேயே படவில்லை. பாத்திரம் இருந்த மூலைக்குப் போனாள், ஒவ்வொன்றாக எடுத்தாள், கவிழ்த்தாள், வெட்டியிருந்த பேரைப் படித்தாள். எல்லாவற்றிலும் பேர் உண்டு. ஊர் முதலெழுத்து, விலாசம் (குடும்பத்துப் பேர்களின் முதலெழுத்துகள்), பிறகு பெண்ணின் பேர். கல்யாணத்தில் சீராக வைத்தது. ஒரே பேர் ஒரு கூஜாவிலும், இரண்டு அடுக்குச் சட்டியிலும், ஒரு முறுக்கு உரலிலும் இருந்தது. (பேரை இங்கே எழுதவில்லை. யார் வீட்டுப் பாட்டியோ.) "இந்தப் புள்ளைக்கு நெறயாக் குடுத்திருக்காக" என்றாள் அம்மா, நேற்றுத்தான் கல்யாணம் நடந்த மாதிரி.

ஈயச்செம்பு ஒன்று இருந்தது. சின்னது, மூன்று பேர் ரசத்துக்கு. கடைக்காரர், "அசல் வெள்ளீயம் ஆச்சி" என்றார். ஆச்சி என்று கூப்பிட்டதில் அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் அதில் மயங்குகிற ஆள் இல்லை. என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, செம்பின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தாள். பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு.

"அழுக்கு ஆச்சி, ரொம்ப நாளா கெடக்குல்ல."

அம்மா முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். மறுபடி கோடு.

"காரீயம் கலந்திருக்கு தம்பி. அது வெசம். அலமாரியில வைக்கிறவகளுக்குக் குடுங்க. இதுல புளித்தண்ணி ஊத்தக் கூடாது."

எங்கே கற்றாள் இதை? கேட்டேன். "எங்கம்மா வாங்கயில பாத்தது" என்றாள். அவள் சமையலறையில் இப்படி இன்னும் என்னென்ன சோதனைகள் இருக்கின்றன, எனக்குத்தான் கேட்கத் தோன்றியதில்லை.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. எனாமல் சாமான் அடுக்கில் நீலமும் வெள்ளையுமாக ஒரு தூக்கு. மூடி சரியாக உட்கார்ந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனாமல் பெயர்ந்திருந்தது. அடியில் செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை. ஸ்வீடன், ஜப்பான் முத்திரைகளும் அந்த அடுக்கில் இருந்தன. "1993-லயே ரெண்டா உடைஞ்சு போச்சும்மா அந்த நாடு" என்றேன். "தூக்கு உடையலைல்ல?" என்றாள். தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து அறுநூற்றைம்பதில் முடித்தாள். அதில் பேர் எதுவும் வெட்டியிருக்கவில்லை. எனாமலில் வெட்ட முடியாது. அதற்காகவே அம்மாவுக்குப் பிடித்ததோ என்னவோ.

மதியம் மெஸ்ஸில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் வந்த கவுனி அரிசியைத் தவிர. பர்மாவிலிருந்து வந்த இன்னொரு சாமான் இது. ராத்திரி ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்ப்பது. கறுப்பும் ஊதாவுமாக, பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும். "ஒரு வாய்தான்" என்றாள் அம்மா. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் கிண்ணமும் காலி.

திரும்பும் பஸ்ஸில் மனகோலத்தைப் பொட்டலத்திலிருந்து தூக்குக்கு மாற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குன்றக்குடி தாண்டியதும் மூடி திறக்கிற சத்தம்.

"அம்மா."

"எண்ணெய் வாடை போயிருச்சான்னு பாத்தேன்டி."

ஒரு துண்டை எனக்கும் நீட்டினாள். மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கும்பகோணத்துல இன்னும் புதுசா ஈயச்செம்பு செய்யிறாகளாம்ல? மதுரையில இருந்து எம்புட்டு நேரம்டி ஆகும்?"