மொட்டை மாடி ஒழுகுகிறதா? வாட்டர்புரூஃபிங் ஆளை முடிவு செய்வதற்கு முன்

போனில் "சதுர அடி என்ன ரேட்?" என்று கேட்டதும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிற ஒப்பந்தக்காரரை அந்த அழைப்போடு விட்டுவிடலாம். மாடியைப் பார்க்காமல் சொன்ன ரேட் அது. எந்தப் பொருள், எத்தனை மில்லிமீட்டர் கனம், அடியில் இருக்கும் சுருக்கியை (தளத்தின் மேல் போட்ட செங்கல் ஜல்லி அடுக்கை) எடுப்பதா விடுவதா என்று எதுவும் அதில் இல்லை. மூன்று பேரிடம் இப்படி ரேட் வாங்கிக் குறைந்ததைப் பிடித்தால், பெரும்பாலும் கனம் குறைந்த பூச்சைத்தான் பிடித்திருப்பீர்கள்.

வேலை தெரிந்தவர் மாடிக்கு ஏறுவதற்கு முன்னால் கீழே இருக்கும் அறைக்குப் போவார். சீலிங்கில் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எப்போது சொட்டுகிறது என்று கேட்பார். நோய் எது என்பதில் பாதி இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். மழை பிடித்த சில நிமிடங்களில் சொட்டினால், நீருக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது: குழாய் தளத்தைத் துளைக்கும் இடம், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, அல்லது திறந்த விரிசல். மழை விட்டு ஒரு நாள் கழித்துச் சொட்ட ஆரம்பித்து ஒரு வாரம் விடாமல் சொட்டினால், தட்டோட்டுக்கு அடியில் உள்ள செங்கல் ஜல்லி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. சித்திரை வெயிலிலும் ஓதம் காயவில்லை என்றால் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், மேல்மாடிக் குளியலறை, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். தொட்டியை இரண்டு நாள் காலியாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் மாடி முழுக்க மெம்பிரேன் என்ற நீர்புகாத் தாளை ஒட்டி, கசிவு அப்படியே இருக்கும் வீடுகள் நிறைய.

மேலே போனதும் அவர் பார்க்க வேண்டியது வாட்டம். நீர் ஓடும் வாட்டம் 80 அடிக்கு ஓர் அடியாவது இருக்க வேண்டும். அதாவது 20 அடி நீளத்துக்கு 3 அங்குல இறக்கம். ரசமட்டக் குழாய் கையில் இல்லையென்றால் நாலு வாளி நீரை ஊற்றினாலே போதும், எங்கே தேங்குகிறது என்று தெரியும். காய்ந்த மாடியில்கூட நீர் தேங்கிய இடம் கறுத்த வட்டமாகத் தெரியும். மழைநீர்க் குழாய்களையும் எண்ண வேண்டும். சென்னையில் அடைமழை எப்படிப் பெய்யும் என்று நமக்குத் தெரியும். சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்பது பாதுகாப்பான கணக்கு. 1000 சதுர அடி மாடிக்கு ஒரே ஒரு குழாயை வைத்துவிட்டு, எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு அடித்தாலும் நீர் குளமாக நிற்கத்தான் செய்யும். வாட்டத்தைச் சரிசெய்யும் செலவைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டுபவரை நான் நம்புவேன். "அதெல்லாம் கோட்டிங் பார்த்துக்கொள்ளும்" என்பவரை நம்ப மாட்டேன்.

அடுத்து ஒரு கட்டையால் தட்டோடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். டொக்கென்று காலியாக ஒலிக்கும் ஓடுகள் படுக்கையை விட்டுக் கிளம்பியவை. கறை இருக்கும் இடத்துக்கு மேலே இரண்டு ஓடுகளைப் பெயர்த்து, அடியில் உள்ள ஜல்லி ஈரமா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்குத் தயங்குபவருக்கு வேலை கொடுக்காதீர்கள். ஈரமான ஜல்லியின் மேல் நீர்புகாப் பூச்சை அடித்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். வெயிலில் அது ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்தால் அடுத்த மழைக்கு அதுவே வாசல். ஒரே வருடத்தில் உரிந்து போகும் பூச்சுகளில் பலவற்றுக்குப் பொருள் மோசம் என்பது காரணமல்ல, இதுதான் காரணம்.

ஈரம் இருக்கிறதா என்று அறிய இன்னொரு எளிய வழி: ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, முந்தின நாள் மாலையில் ஒட்டி விடுங்கள். மறுநாள் காலையில் தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் அந்த இடம் பூச்சுக்குத் தயாராகவில்லை.

சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் கதை வேறு. துருப்பிடித்த இரும்பு உப்பிக்கொண்டு பல மடங்கு இடம் கேட்கும்; அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே நீரை நிறுத்துவது அவசியம்தான், ஆனால் கீழே கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பும் வேலை தனி. ஓர் அறை முழுக்கக் கம்பி தெரிந்தால் முதலில் கூப்பிட வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை.

இனி கொட்டேஷன். "இரண்டு கோட்" என்று எழுதித் தருவது அளவே அல்ல. உலர்ந்த பிறகு எத்தனை மில்லிமீட்டர் கனம் நிற்கும் என்று எழுதி வாங்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பரப்பினால் ஈரக் கனம் சரியாக 1 மில்லிமீட்டர். பொருளின் தகவல் தாளில் திடப்பொருள் கன அளவில் 50 சதவீதம் என்று இருந்தால் காய்ந்த பின் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். 25 அடிக்கு 40 அடி மாடியை எடுத்துக்கொள்வோம். 1000 சதுர அடி, 93 சதுர மீட்டர். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றி அடிக்க 130 சதுர அடி, அதாவது இன்னும் 12 சதுர மீட்டர். மொத்தம் 105. உலர்ந்த கனம் 1 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 210 லிட்டர்: 20 லிட்டர் வாளியில் பத்தரை. நாலே நாலு வாளியில் வேலை முடிந்தது என்றால் நிற்பது 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெயின்ட் மாதிரிதான் அது. கிலோ கணக்கில் விற்கும் பியூ (பாலியூரித்தேன்) பொருளுக்கு, கிலோவை அடர்த்தியால் வகுத்து லிட்டராக்கிக்கொள்ளுங்கள்.

அதனால் வாளிகள் சீல் உடையாமல் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், காலி வாளிகள் வேலை முடியும்வரை உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் வாரன்டி கேட்கும்போது உதவும்.

எந்தப் பொருள் என்பதில் ஒப்பந்தக்காரர் தனக்குத் தெரிந்ததைத்தான் விற்பார். டார்ச்சில் உருக்கி ஒட்டும் ஏபிபி மெம்பிரேன் (பாலிமர் கலந்த தார்த் தாள்) ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர், முனையில் 15. ஏறும் விளிம்பில் தார் சற்றே பிதுங்கி வெளியே தெரிந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இது நல்ல பொருள். ஆனால் மேலே கல்துகள் பூச்சு இல்லாத வகையை வெயிலில் அப்படியே விட்டால் கெட்டுவிடும், அதன்மேல் சிமென்ட் தளம் போட வேண்டும். பியூ போன்ற திரவப் பூச்சுகள் குழாயும் சோலார் கால்களும் நிறைந்த மாடிக்கு ஏற்றவை, ஏனென்றால் சந்து பொந்தில் தாளை வெட்டி ஒட்டும் வேலை இல்லை. வெள்ளையாக அடிக்கும் கூலிங் பெயின்ட் சூட்டைக் குறைக்கும், ஒழுகலை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு.

பழைய சுருக்கி முழுக்கக் கெட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். மரபுப்படி செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரை, சராசரி 3 அங்குல கனம், கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காய்-வெல்ல நீர் தெளித்து, அதன் மேல் தட்டோடு. இன்று சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போடுகிறார்கள். வேகமாக முடியும், ஆனால் விறைப்பாக இருப்பதால் வெயிலில் விரியும்போது வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைத்தால் விடாதீர்கள். ஒன்று மட்டும் கூடவே கூடாது: பழைய சுருக்கியை வைத்துக்கொண்டு அதன் மேல் இன்னொரு சுருக்கி. 1000 சதுர அடியில் 3 அங்குலம் என்பது ஏறத்தாழ 12 டன். அந்தச் சுமையைத் தளம் தாங்குமா என்று கணக்குப் போட்டு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எடுக்கும்போதும் பெரிய பிரேக்கர் மெஷினைத் தளத்தில் ஓட விடாதீர்கள், நாலைந்து அங்குலக் கான்கிரீட் அதிர்வில் விரிசல் விடும். உளியும் சுத்தியலும் போதும். குப்பையை ஏற்றிப் போவது யார் செலவு என்பதையும் எழுதி வாங்குங்கள், இதில்தான் கடைசி நாளில் சண்டை வரும்.

பூச்சுக்கு முந்தைய வேலைகள் கொட்டேஷனில் இருக்கிறதா என்று தேடுங்கள். பாசியும் தூசியும் போகக் கழுவிக் காயவிடுவது, விரிசலை வி வடிவில் வெட்டி நிரப்புவது, கைப்பிடிச் சுவர் மூலையில் இரண்டு அங்குலத்துக்குக் கலவையை உருட்டிப் பூசுவது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வெயிலில் ஒரே மாதிரி விரிவதில்லை, அதனால் அந்தச் சந்திப்பில் கிடைமட்டமாக விரிசல் விழுந்தே தீரும். நேர்மூலையில் அடித்த பூச்சு அங்கேதான் முதலில் கிழியும். மூலையிலும் குழாயைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலையும் விரிசல் இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சுவர் வழியாக இறங்கும் நீரைத் தளத்துப் பூச்சு தடுக்காது.

நேரமும் முக்கியம். மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஐப்பசியில் கூப்பிட்டால் கிடைக்கும் ஆள் ஈரத்தின் மேலேயே அடித்துவிட்டுப் போவார். கோடையிலும் உச்சி வெயிலில் திரவப் பூச்சு அடிக்கக் கூடாது. சூட்டில் தளத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து ஊசித் துளைகளாக வெளியேறும். வெயில் தணிந்த மாலை நல்லது.

ஏற்கெனவே வேலை செய்த வீடுகளைக் காட்டச் சொல்லும்போது, போன மாதம் முடித்ததைப் பார்த்துப் பயனில்லை. குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழை கண்ட மாடி வேண்டும். அங்கே போய் மூலைகளையும் குழாய் அடிகளையும் பாருங்கள், நடுத்தளம் எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து பூச்சு முழுதாக இறுகிய பின், குழாய் வாய்களை அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் நீர் கட்டி மூன்று நாள் வைக்கும் சோதனையை ஒப்பந்தத்தில் சேருங்கள். 93 சதுர மீட்டருக்கு இது நாலரை டன்னுக்கு மேல் எடை, எனவே கம்பி துருப்பிடித்த தளத்தில் இன்ஜினியரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வாட்டம் உள்ள மாடியில் நீர் ஒரு பக்கமாகத்தான் நிற்கும். பகுதி பகுதியாக அணை கட்டிச் செய்யலாம்.

வாரன்டி இரண்டு வகை. கம்பெனி தருவது பெரும்பாலும் பொருளுக்கு மட்டும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த ஆள் அடித்திருந்தால்தான். ஒப்பந்தக்காரர் தருவது வேலைக்கு. பத்து வருடம் என்று வாயால் சொல்வதைவிட, ஒழுகினால் எத்தனை நாளில் வந்து யார் செலவில் சரிசெய்வார் என்று எழுதிய மூன்று வருடம் மேல். ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். அந்த எண் உண்மையா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தப் பில்தான் கை கொடுக்கும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

பணத்தைப் பொருள் வந்து இறங்கியதும் மூன்றில் ஒரு பங்கு, பூச்சுக்கு முந்தைய வேலைகள் முடிந்து நீங்கள் பார்த்த பின் இன்னொரு பங்கு, நீர் கட்டும் சோதனை தேறிய பின் மற்றது என்று பிரியுங்கள். பத்து சதவீதத்தை மட்டும் கையில் வைத்திருந்து கார்த்திகை மழை முடிந்ததும் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் கொஞ்சம் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொள்வார். அந்த மழைக்கு முன் குழாய் வாய்களில் அடைந்திருக்கும் இலைகளை அள்ளிப் போடுவது மட்டும் உங்கள் வேலை.